கேட்காமல் நடந்த பாதை

"கேட்டுட்டா நடந்த? கெட்டுது போ," என்று கிளெமென்ட் தலையில் கைவைத்தார்.

"பின்ன, அடுத்தவங்க நிலத்துல கேட்காம நடக்க நான் என்ன காலிப்பயலா?" என்றார் பக்கத்து வீட்டு நார்மன். "பண்ணைக்கார ஹெஸ்டர் அனுமதியும் குடுத்தாங்க, ஆறு முட்டையும் குடுத்தாங்க."

இங்கிலாந்துச் சட்டத்தில் நல்ல பிள்ளைக்கு மரியாதை கிடையாது. இருபது வருடம் ஊர்க்காரர்கள் ஒளியாமல், வேலியை உடைக்காமல், அனுமதி வாங்காமல் நடந்தால்தான் அது பொதுப்பாதை. அனுமதி வாங்கி நடந்தால் அது நிலக்காரரின் தயவு. நிலம் கைமாறினால் தயவும் போய்விடும்.

ஹெஸ்டர் பண்ணையை விற்கப்போகிறார். கணவர் இறந்து இருபத்தைந்து வருடமாகத் தனியாள். வாங்குகிறவர் முள்கம்பி போடுவார் என்று ஊரே பேசியது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, கல்யாணமாகாத கிளெமென்ட், இருபத்திரண்டு வருடமாக அந்தப் பண்ணைப் புல்வெளி வழியாகத்தான் தினமும் பக்கத்து ஊருக்குப் போய்ப் பேப்பர் வாங்கினார். பாதை போய்விட்டால் காலையில் எழுந்திருக்கவே காரணமிருக்காது என்று அவருக்குப் பட்டது. அதைப் பொதுப்பாதையாகப் பதிவுசெய்ய மனுப் போட்டுவிட்டு, ஊரில் நடந்தவர்களிடம் சாட்சிப் படிவம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"பேப்பர் நம்மூர்லயே விக்குதே," என்றார் நார்மன்.

"இங்க கசங்கியிருக்கும்."

அடுத்த சாட்சி, தேவாலயத்தில் மணியடிக்கும் எட்னா. "நான் யாரையும் கேட்கல. குறுக்கே கம்பி இருந்துச்சு, கட்டிங் பிளேயரால நறுக்கிட்டுப் போயிட்டேன்," என்றார் பெருமையாக. கிளெமென்ட் அந்தப் படிவத்தையும் கிழித்துப்போட்டார்.

மிச்சம் அவருடைய சாட்சி ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல். தினமும் காலையில் ஹெஸ்டர் வாசலில் நின்று அவருக்குக் கையாட்டுவார். கையாட்டினால் அனுமதி என்று அதிகாரி எழுதிவிட்டால்?

திங்கட்கிழமை கிளெமென்ட் அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்தார். செவ்வாய்க்கிழமை தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து, முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தார். புதன்கிழமை ஹெஸ்டர் சூப்போடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையா கிளெம்? முகம் குடுக்க மாட்டேங்கறீங்க."

"மிஸஸ் பாலார்ட், தயவுசெஞ்சு எனக்குத் தயவு காட்டாதீங்க."

ஹெஸ்டர் சூப்பைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அந்த முகம் வாடியதைப் பார்த்த கிளெமென்டுக்குச் சூப் ஒரு வாய்கூட இறங்கவில்லை. சாயங்காலம் நார்மன் வந்து, ஹெஸ்டர் தரகரைக் கூப்பிட்டு, விற்பனையை இந்த வாரமே முடிக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை பாதை அதிகாரி மிஸ் புரூயட் வந்தார். வரைபடத்தைப் பண்ணை வாசல் கேட்டின் மேல் விரித்து, பேனாவைத் திறந்தார்.

"மிஸஸ் பாலார்ட், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வழியா நடக்க இவருக்கு எப்பவாவது அனுமதி குடுத்திருக்கீங்களா?"

கிளெமென்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க குடுக்கறது? இருபத்திரண்டு வருஷமா காத்தும் மழையும் பாக்காம இந்த வாசல்ல நிக்கறேன்," என்றார் ஹெஸ்டர். "பாதையையும் கேட்கல, என்னையும் கேட்கல. கேட்டிருந்தா நான் எதுக்கு இந்தப் பண்ணைய விக்கப்போறேன்?"