திரைக்கு அந்தப் பக்கம்

பீடத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த சாவாஸ் சாமியின் குரல் பாதி ஜெபத்தில் நின்றுபோனது.

பாட்டுப் புத்தகத்துக்கு முன்னால் நின்ற தெமெலினாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. சாமிக்கு வயது அறுபத்தெட்டு. நடுநடுவே மூச்சு வாங்குவார், மூக்குச் சிந்துவார். அவள் வழக்கம்போல "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று இழுத்தாள். பின்னால் நின்ற நாற்பது பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வரி உள்ளேயிருந்து வர வேண்டும். வரவில்லை. சரி என்று இன்னொரு தடவை பாடினாள். அப்புறம் இன்னொரு தடவை.

பன்னிரண்டாவது தடவையில் பக்கத்தில் நின்ற செவாஸ்தி இடுப்பில் இடித்தாள்.

"பெரிய நோன்புக்குக்கூட இத்தனை தரம் பாடினதில்லடி. கேட்டுக் கேட்டு ஆண்டவருக்கே அலுத்துப்போயிருக்கும்."

"உள்ள சத்தமே இல்லக்கா."

"அதான் நானும் சொல்றேன்."

அன்று எலியாஸ் தீர்க்கதரிசியின் திருநாள். ஜூலை மாத வெயிலில் கோயில் சுவரே கொதித்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தக் கிரேக்கத் தீவின் ஆண்களெல்லாம் கடற்பஞ்சு எடுக்க ஆப்பிரிக்கக் கரைக்குப் படகேறிவிடுவார்கள். அக்டோபரில்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் கோயில் பெண்களுடையது. தெமெலினாவின் கணவன் நோமிகோஸ் குளிர்காலத்தில் கோயில்பிள்ளை, கோடையில் முக்குளிப்பவன். அவன் போனதும் மணி, மெழுகுவத்தி, நிருபம் வாசிப்பது, பாட்டு எல்லாம் இவள் தலையில் விழும். பிள்ளைகளுக்கு விசுவாச அறிக்கை சொல்லிக்கொடுப்பதும் இவள்தான். பெண்கள் கோயிலில் வாய் திறக்கக் கூடாது என்கிற நிருபப் பகுதியைக்கூட ஒரு நாள் இவளே உரக்க வாசித்தாள். வேறு ஆள் ஏது?

வெளியே சொல்லிக்கொள்ளமாட்டாள், ஆனால் அந்த மாதங்களுக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். குளிர்காலத்தில் தூணுக்குப் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பாடியதை அப்போது வாய்விட்டுப் பாடலாம். பல வருஷம் கழித்து, பல்லெல்லாம் போன பிறகும், அந்தக் கோடைகளை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது, தன் குரல் கூரையில் மோதித் தன்னிடமே திரும்பி வந்ததுதான்.

ஒன்றே ஒன்றுதான் கூடாது. புனிதர்களின் படங்கள் பதித்த மரத்தடுப்பைத் தாண்டிப் பீடத்துக்குப் போகக் கூடாது. ஒரு பெண்ணின் காலடி அங்கே பட்டால் கடலுக்கு அடியில் இருக்கும் ஆண்களுக்கு ஆகாது என்பது அந்தத் தீவில் பால் குடிக்கும்போதே தெரிந்துகொள்கிற விஷயம்.

தெமெலினா அந்தத் தடுப்பின் நடுவாசல் வரை போய் எட்டிப்பார்த்தாள். வாசல் திரை பாதி விலகியிருந்தது. தரையில் இரண்டு கறுப்புச் செருப்புகள், குதிகால் கீழே, நுனி கூரையைப் பார்த்தபடி.

"சாமி," என்று கூப்பிட்டாள். "சாமி, எழுந்திரிங்க."

ஒரு முனகல் வந்தது.

"உசிர் இருக்கு," என்றாள் எல்லோரிலும் மூத்தவளான கலோத்தினா அத்தை. "நேத்து சாயங்காலத்திலேருந்து வெறும் வயிறு. இந்த வெயில்ல அத்தனை கனத்த அங்கி வேற. மயக்கந்தான்."

"குருவம்மா இருந்தா ஏதாவது வழி சொல்லுவாங்க," என்று சாமியின் மனைவியை நினைத்துக்கொண்டாள் ஒருத்தி.

"அவங்க ரோட்ஸ் தீவுல மக பிரசவத்துக்குப் போயிருக்காங்க. இப்ப நாமதான் வழி."

முதல் வழியைச் செவாஸ்தி கண்டுபிடித்தாள். உயரத்து மெழுகுவத்திகளை அணைக்கிற நீளக் கோலை நடுவாசல் வழியாக உள்ளே விட்டு, சாமியின் விலாவில் மெதுவாகக் குத்தி எழுப்புவது. குத்தியதென்னவோ மெதுவாகத்தான். கோலைத் திரும்ப இழுக்கும்போது அதன் நுனி உள்ளே ஆணியில் தொங்கிய தூபக்கலசத்தில் மாட்டியது. கலசம் கவிழ்ந்து, கங்குகள் கம்பளத்தில் சிதறின.

"ஐயோ, சாமிய எழுப்பச் சொன்னா சாமிக்குக் கொள்ளி வைக்கிறியே," என்றாள் கலோத்தினா அத்தை.

இரண்டாவது வழி தண்ணீர். பூச்செடிக்கு வைத்திருந்த வாளியை எடுத்துச் செவாஸ்தியே வீசினாள். கங்கு பாதி அணைந்தது. மீதிப் பாதி நனைந்து, கோயில் முழுக்கப் புகை. நாற்பது பெண்கள் இருமினார்கள். சாமியும் ஒரு தடவை இருமினார். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

"ஒரு ஆம்பளை வேணும்," என்றாள் தெமெலினா. "யாராவது ஒரு ஆம்பளை."

சாமியை விட்டால் தீவில் அப்போது மீதி இருந்த ஒரே வளர்ந்த ஆண் சக்கெல்லாரிஸ் பெரியப்பா. ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கால்கள் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் வாழ்க்கை. நாலு பெண்கள் மூச்சிரைக்க அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"கோயிலுக்கா? நான் வரமாட்டேன். எங்க படகுக்குக் காவலா இருந்தாரே புனித நிக்கொலாவோஸ், அவரோட நான் பேச்சை நிறுத்தி இருபது வருஷமாச்சு."

"அவரோட பேச வேணாம் பெரியப்பா. சாவாஸ் சாமிய இழுத்து வெளிய விட்டாப் போதும்."

"கால் இல்லாதவன் எப்படிம்மா இழுப்பேன்?"

"கை இருக்குல்ல?"

அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். அப்புறம், "தூக்குங்க," என்றார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எழுபத்திரண்டு படி ஏறினார்கள். தடுப்பின் வலது பக்கவாசலை அடைந்ததும், பெண்கள் தங்கள் கால் உள்ளே படக் கூடாதென்று வெளியே நின்றபடியே ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். நாற்காலியின் கைகள் இரண்டும் நிலையில் சிக்கிக்கொண்டன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"பெரியப்பா, கை எட்டுதா?"

"எட்டல. ஆனா இங்கேருந்து நல்லாத் தெரியுது." கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். குரல் மாறியது. "உதடு நீலம் பாய்ஞ்சிருக்கும்மா. படகுல இந்த நிறத்தை நான் பார்த்திருக்கேன். சீக்கிரம் ஏதாவது செய்யுங்க."

இடது பக்கவாசல் உள்ளே தாழிட்டிருந்தது. வலதில் பெரியப்பா அடைத்துக்கொண்டிருந்தார். இனி நடுவாசல்தான். அந்த வழியாகக் கோயில்பிள்ளைகூடப் போனதில்லை. குருவானவர் மட்டும் போகும் வாசல் அது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் கடலில் ஒருவன் இருந்தான். கணவன், மகன், தம்பி. தெமெலினாவுக்கு நோமிகோஸ் நூற்றிருபது அடி ஆழத்தில், வாயில் காற்றுக்குழாயோடு, மணலில் குனிந்து நடப்பது தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதில் பாதியைக் கடல் தின்றுவிட்டது.

"உள்ள கிடக்கறவருக்கும் ஒரு பொண்டாட்டி இருக்கா," என்றாள். செவாஸ்தியிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "நோமிகோஸ், என்னை மன்னிச்சுக்கோ," என்று சொல்லி நடுவாசலுக்குள் போனாள்.

கனத்த மனுஷர். அக்குளில் கை கொடுத்துப் பின்பக்கமாகவே இழுத்தாள். தடுப்புக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, அங்கியைத் தளர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கலோத்தினா அத்தை ஊட்டிய சர்க்கரைப்பாகு இரண்டு கரண்டி இறங்கியதும் சாமி கண்ணைத் திறந்தார்.

"எங்க நிறுத்தினேன்?"

"இரக்கமாயிரும்ல நிறுத்தினீங்க சாமி."

"நான் எப்படி இங்க வந்தேன்?"

கலோத்தினா அத்தைதான் பதில் சொன்னாள். "நீங்களே நடந்து வந்து உட்கார்ந்தீங்க. ஞாபகமில்லையா?"

சாமி புகையைப் பார்த்தார். நனைந்த கம்பளத்தைப் பார்த்தார். பக்கவாசலில் சிக்கிக்கொண்டிருந்த சக்கெல்லாரிஸைப் பார்த்தார்.

"இவரு?"

"திருநாளாச்சே, பூசைக்கு வந்தேன்," என்றார் பெரியப்பா.

சாமி எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து பூசையை முடித்தார். நாற்காலியின் ஒரு கையை அறுத்துத்தான் பெரியப்பாவை எடுக்க முடிந்தது. படியிறங்கும்போது பெண்கள் எல்லோரும் சத்தியம் செய்துகொண்டார்கள். யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

மற்றவர்களுக்கு அது அன்றோடு போயிற்று. தெமெலினாவுக்குப் போகவில்லை. தெற்குக் காற்று அடித்தால் சோறு இறங்காது. தபால் படகு வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். செவாஸ்தியின் மகனும் நோமிகோஸின் படகில்தான் போயிருந்தான். தெருவில் எதிரே வந்தால் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை போய் நின்றாள். சாமி "என்னம்மா?" என்றதும், பக்கத்து வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எப்போதையும்விட நன்றாகப் பாடினாள். பாட்டு முழுக்க அவளுக்கு ஒரே வேண்டுதல்தான்.

அக்டோபர் இரண்டாம் வாரம் படகுகள் தெரிந்தன. போனது ஏழு. வந்தது ஏழு. செவாஸ்தியின் மகன் முதல் ஆளாகக் குதித்தான். நோமிகோஸ் இளைத்து, தோளில் தோல் உரிந்து, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தான். அவள் அழுத அழுகையைப் பார்த்து அவனே பயந்துவிட்டான்.

"என்னடி, நான் செத்தா வந்திருக்கேன்?"

அந்த ஞாயிறு ஆண்கள் முன்னால் நின்றார்கள். நோமிகோஸ் நிருபம் வாசித்தான். எப்போதும் தடுக்குகிற இடத்திலேயே தடுக்கினான். தூணுக்குப் பின்னால் தெமெலினாவின் உதடுகள் அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டன.

ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள், செப்டம்பரிலேயே ரோட்ஸிலிருந்து திரும்பிவிட்ட குருவம்மா எவ்தோக்கியாவைத் தேடிப் போனாள். சமையலறையில் குருவம்மா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தெமெலினா வாசற்படியிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தாள். கோல், கங்கு, வாளி, பெரியப்பா, எதையும் விடவில்லை.

"நான் உள்ள போயிட்டேன் குருவம்மா. நடுவாசல் வழியா. மூணு மாசமா தூக்கமில்ல. சாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

குருவம்மாவின் கை நின்றுவிட்டது.

"நடுவாசல் வழியாவாடி போன?" என்றாள். "முப்பத்தொரு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை பீடத்தைப் பெருக்கித் துடைக்க நான் உள்ள போறப்பகூடப் பக்கவாசல் வழியாத்தானே போறேன்."