அம்புக்குறி கடலில் இறங்கிய ஞாயிறு

புவியீர்ப்பைக் கண்டுபிடித்தவர் யாராகவும் இருக்கட்டும். அதை நம்பிக் குடித்தனம் நடத்தப் பார்த்த ஒரே ஜீவன் எங்கள் அம்புக்குறிதான். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் நாலு பேர் துறைமுகக் குமாஸ்தாக்கள். அவன் கல்லூரியில் இயற்பியல் டியூட்டர். எல்லோருக்கும் ஒரே லாட்ஜ், ஒரே மெஸ். எதைப் பேசினாலும் சாக்பீஸால் தரையில் அம்பு போட்டுத்தான் பேசுவான். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

ஒருநாள் மெஸ்ஸில் ஏழு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, அஞ்சுதான் என்று சாதித்தான்.

"மூணு இட்லி மேற்க இருந்து வந்துச்சு, நாலு தெக்க இருந்து வந்துச்சு. செங்குத்தா வந்தா மூணும் நாலும் அஞ்சுதான் அண்ணாச்சி!"

"வயித்துக்குள்ள போன பொறவு ஏதுலே திசை?" என்றார் மெஸ்காரர். ஏழு இட்லிக்கும் காசை வைத்துவிட்டு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பெரியதாழையில் பெண் அமைந்தது. அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேம்பாரில் இருந்த அவன் அம்மாவோ, "தெக்க பொண்ணு கட்டுனா எம்மவன் அங்கனயே போயிருவான்" என்று ஒரே அழுகை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பேசி முடிக்காவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை வேம்பாருக்கு வந்தே ஆகவேண்டும் என்று அம்மா ஆள் அனுப்பினாள்.

ஞாயிறு காலையில் ஆளைக் காணோம். தேடினால், கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான்.

"ஏலே, இங்கன என்னலே செய்யுத?"

"வடகிழக்க அம்மா இழுக்கா, தெக்க அவ இழுக்கா. ரெண்டும் சம விசை. ஆனா நேர் எதிர் இல்ல, கொஞ்சம் கோணல். இந்த அம்புத் தலையில அந்த அம்பு வாலை வச்சுக் கூட்டிப் பார்த்தேன். மிச்சம் கடலைப் பார்க்கக் காட்டுது. அதான் வந்தேன்."

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம்தான் அவன் கண்ணைப் பார்த்தோம். பாவம், ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான்.

எங்களில் பெரிய சரீரம் படைத்த தடியன்தான் கத்தினான். "கூறுகெட்ட பயலே! அம்மாவைத் தூக்கித் தெக்க வையி. ரெண்டு அம்பும் ஒரே பக்கம் காட்டும்லா!"

"கணக்குல இழுக்குற பொருளெல்லாம் நின்ன எடத்துலதான் நிக்கும்லே..."

"அது கணக்கு. இது ஒங்கம்மா. கூப்பிட்டா கார்ல ஏறுவா."

வாடகைக் கார் பிடித்து எல்லோருமாக வேம்பார் போனோம். அம்மா அசைகிற வழியாக இல்லை. "ஒங்க பிள்ளை காலையில கடல்ல இறங்கிட்டான்மா" என்று தடியன் சொன்னதுதான் தாமதம், செருப்புக்கூடப் போடாமல் காரில் ஏறிவிட்டாள்.

பெரியதாழையில் அந்தப் பெண் காப்பி கொண்டுவந்தாள். அம்மா காப்பியைத் தொடவில்லை. "எம்மவனை இங்கனயே வச்சுக்கிட மாட்டியே?" என்று நேராகவே கேட்டாள்.

"நீங்க இருக்க எடத்துக்கு நான்தானே அத்தை வரணும்?"

அம்மா காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். பேச்சு முடிந்தது.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "கிட்ட வாங்கலே! தூரம் ரெட்டிச்சா இழுப்பு காவாசியாப் போயிரும்" என்று எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

நான் நாக்பூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவன் கணக்கு சுத்தத் தப்பு. இத்தனை தூரத்திலும் அந்தப் பயலின் இழுப்பு வீசம்கூடக் குறையவில்லை.