எட்டுப் பேரும் ஒரு ‘இப்போ’வும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. நீங்களும் என் தங்கையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் அந்தக் கணக்கில் சேராது. காரணம் கீழே வரும்.

கல்லூரியில் உங்களை வாடா போடா என்று கூப்பிட்ட வாய் இது. என் தங்கையைக் கட்டிக்கொண்ட அன்றிலிருந்து ‘நீங்கள்’ போட்டுப் போட்டு அதுவே பழகிவிட்டது. ஆகவே மரியாதையாகவே கேட்கிறேன். சனிக்கிழமை விழாவுக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்? “கயித்தைத் தொடாதவனுக்கு அங்க என்ன வேலை? நீ வேணா போய் உங்க அண்ணனைப் பாத்துட்டு வா” என்று தங்கையிடம் சொன்னீர்களாம். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்களாம், அதுவும் முந்தைய நாள் தாளை. அதைக் கேட்டதுமே உங்கள் வருத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். விளையாட்டில் பெயர் வாங்கிய பழைய மாணவர்களுக்காக நம் கல்லூரி ஒரு புகழரங்கம் திறக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நடைவழியில், சுவர் முழுக்கப் படங்கள், படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பெயர். அதற்கு நம் கயிறு இழுக்கும் அணியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பரிந்துரைதான், முடிவல்ல. கயிற்றைப் பிடித்த எட்டுப் பேரையும் சேர்த்தார்கள், பக்கத்தில் நின்று குரல் கொடுத்த உங்களை விட்டுவிட்டார்கள். நான் சும்மா இருக்கவில்லை. தேர்வுக்குழுச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை, யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்கிற பழக்கம். “சார், கயித்தைப் பிடிச்சவங்கதான் ஆட்டக்காரங்க. சத்தம் போட்டவரை எதுல சேக்கிறது?” என்றார். எனக்குத்தான் உதாரணம் இல்லாமல் பேச வராதே. “தம்பி, படகுல துடுப்புப் போட்டவங்களை எல்லாம் எண்ணிட்டு, சுக்கான் பிடிச்சவரைப் பயணின்னு எழுதுவீங்களா?” என்றேன். அவர் யோசித்துவிட்டு ‘சுக்கான்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார். எதற்கும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து, இப்போதைய மாணவர்களோடு ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றார்.

எட்டுப் பேரும் வந்துவிட்டோம், மாப்பிள்ளை. ஐந்து பேருக்கு மூட்டுவலி, மீதி மூன்று பேர் ஒப்புக்கொள்ளவில்லை. பழையபடி முன்னால் பல் டாக்டர், நடுவில் பேங்க் மேனேஜர், கயிற்றின் வாலை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நான். நீங்கள் இல்லாததால் குரல் கொடுக்கும் பொறுப்பை மேனேஜரே எடுத்துக்கொண்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவதாக ஏற்பாடு. “மூணுன்னதும் இழுக்கணுமா, மூணு சொல்லி முடிச்சப்புறமா?” என்று பல் டாக்டர் கேட்டார். “முடிச்சப்புறம்னா அது நாலாச்சேய்யா” என்றார் மேனேஜர். கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் சுழியத்திலிருந்து தொடங்கலாமே என்றார். அந்த நேரம் பார்த்து விசில் ஊதிவிட்டார்கள். விருந்துக்கு அழைத்தது மாதிரி, வரிசை குலையாமல் எட்டுப் பேரும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டாவது தடவை அந்தப் பிள்ளைகள் எங்கள்மேல் இரக்கப்பட்டுக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் மூணுக்கு இழுக்க, ஒருவர் நாலுக்கு இழுக்க, மேனேஜர் எண்ணுவதிலேயே கவனமாக இருந்து இழுக்க மறந்துபோக, கடைசியில் தப்பித்தவறி எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்துத் தொலைத்தோம். கயிறு முழுசாக எங்களிடம் வந்துவிட்டது. எட்டுப் பேரும் மல்லாந்தோம். கடைசியில் நிற்பவன் அடியில் கிடப்பான் என்பது இயற்பியல். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் நடத்திய பாடம், எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கீழே கிடந்தபடி வானத்தைப் பார்த்தேன். அப்போது ஒன்று தோன்றியது. அந்தக் காலத்திலும் நான் பார்த்தது வானத்தை மட்டும்தான். பின்னால் சாய்ந்து நிற்பவனுக்கு எதிராளி எங்கே தெரிவான்? நீங்கள்தான் எங்களுக்காக அவர்கள் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எண்ண மாட்டீர்கள், கத்த மாட்டீர்கள். எவனாவது ஒருவன் காலை மாற்றி வைக்கக் குதிகாலைத் தூக்கினால் மட்டும் “இப்போ” என்பீர்கள். நாம் கோப்பை ஜெயித்த அந்த இறுதிப் போட்டியில் நீங்கள் வெகுநேரம் வாயே திறக்காமல் நிற்க, வீட்டுக்குப் போய்விட்டீர்களோ என்று நான் மனசுக்குள் திட்டியதும், அடுத்த நொடி உங்கள் “இப்போ” கேட்டதும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இதற்குள், வேடிக்கை பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலோடு மைதானப் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்னைத் தூக்குவாள் என்று கையை நீட்டினேன். அவள் நேராகச் செயலாளரிடம் போனாள். “ஏன் தம்பி, இவங்களை இழுக்க வைக்கிற ஆளை விட்டுட்டு இவங்களை மட்டும் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?” என்றாள்.

“யாரும்மா அவரு?”

“எங்க நாத்தனார் வீட்டுக்காரர்.”

பிறகு பல் டாக்டர் வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டே உங்கள் கதையைச் சொன்னார். “அவன் இப்போன்னு சொல்றவரைக்கும் நாங்க மூச்சுகூட விடமாட்டோம் தம்பி” என்றார். நானும் படுத்தவாக்கிலேயே, “என் பேரை எடுத்துட்டு அந்த இடத்துல அவர் பேரைப் போடுங்க” என்று சொல்லிவிட்டேன். செயலாளர் எழுதிக்கொண்டார். பாதி என் இடுப்பு பேசியது, மறுக்கவில்லை. மீதிப் பாதி மனசறிந்து சொன்னது.

குழு என்ன முடிவு செய்யுமோ தெரியாது. ஆனால் சனிக்கிழமை நீங்கள் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். நீங்கள் இல்லாமல் மேடையேறினால், எந்தக் காலை முதலில் வைப்பது என்று எட்டுப் பேரும் அங்கேயே விவாதம் செய்வோம். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் முழங்காலும் என் இடுப்பும் இன்னும் பல விழாக்களுக்கு நம்மைச் சுமந்து செல்லட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பின்னால் சாய்ந்து நிற்கும்
மூத்த மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் செயலாளர் வீட்டுக்கு வந்து போனார். நான் ஓர் இடம்தான் கொடுத்தேன், குழு எட்டையும் எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இழுத்ததை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுப் பார்த்தார்களாம். இந்த எட்டுப் பேரையும் ஜெயிக்க வைத்தவர் யாரோ, சுவரில் அவர் படம் மட்டும் இருந்தால் போதும் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டதாம். வாழ்த்துகள் மாப்பிள்ளை. ஆகவே மேலே, வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். உங்களோடு எட்டு விருந்தினர்களை அழைத்து வரலாமாம். அதில் தங்கை ஒன்று, மீதி ஏழு. நாங்களோ எட்டுப் பேர். பல் டாக்டர் இந்நேரம் உங்களுக்கு போன் போட்டிருப்பார். எடுக்க வேண்டாம்.