அளவெடுக்க வந்த விருந்தாளி

தன் உயிர் இருக்கும்வரை ஏரிக்கரை விடுதியை யாருக்கும் விற்க விடுவதில்லை என்று மோப்பக்காரர் சபதம் எடுத்தது பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. முற்றத்துக் குழாயடியில் நின்றபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஏரியறை ஜன்னலை. முந்தின நாள் வந்து தங்கிய ஆள் அங்கே நாடாவைப் பிடித்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். தங்க வந்தவன் ஏரியைப் பார்ப்பான், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான், வெந்நீர் வரவில்லை என்று கத்துவான். ஜன்னலை ஏன் அளக்கிறான்?

மோப்பக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பக்கத்து வீட்டில் யாராவது குரலைத் தணித்தால் இவர் வீட்டு ரேடியோவும் தானாகத் தணியும். அதற்காக அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குடும்பத்தில் சொத்தும் சந்தேகமும் சேர்ந்தே கைமாறி வந்தன.

படகைத் தவறவிட்டவர்கள் படுத்துப் போகக் கொள்ளுத்தாத்தா கட்டியது வெறும் ரெண்டு அறை. இங்கே தங்க வருகிறவர்களை அக்கரைக்காரன் கூப்பிட்டுக்கொண்டு போகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நின்று கண்காணிக்க ஒரு மாடி எழுப்பினார். வந்தவர்கள், "ஆகா, மாடியிலிருந்து ஏரி என்ன அழகு!" என்றார்கள். தாத்தாவுக்குப் படகோட்டிகள் மேல் சந்தேகம். படகுத்துறையையே தன் வாசலுக்கு இழுத்துக் கட்டிவிட்டார். வந்தவர்கள், "ஆகா, என்ன வசதி!" என்றார்கள். அப்பாவுக்கோ தங்குகிறவர்கள் துண்டைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சந்தேகம். முன்கூடத்தில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். அதையும், "என்ன வெளிச்சம்!" என்று புகழ்ந்தார்கள்.

மோப்பக்காரருக்கு மூன்று பேரின் சந்தேகமும் மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது. கட்டுகிற கை மட்டும் வரவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஏரியறைச் சுவர் ஊறி உதிர்கிறது என்றாள் மனைவி. பார்க்கலாம் என்றார். துறைப் பலகை உளுத்துவிட்டது என்றாள். பார்க்கலாம். போன சீசனில் பாதிப் பேர் எதிர்க்கரைப் புது ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். "இன்னொரு சீசன் இப்படிப் போனா வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று அவள் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை செய்ய அல்ல, சந்தேகப்பட.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார்.

"ஏரியறையில யாரு?"

"தங்க வந்தவர்."

"எதுக்கு வந்திருக்கார்?"

"தங்க."

"ஜன்னலை அளக்குறாரே?"

"சில பேருக்கு அப்படி ஒரு பழக்கம். டீ ஆறுது, குடிங்க."

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் மனைவியைப் பற்றி அவருக்குப் பயமில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

அன்று மனைவி ஏரியறைக்குப் போய் அந்த ஆளோடு தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள். ஒட்டுக்கேட்க வசதியான இடம் வெளிச்சுவர்தான். ஆனால் விடுதி முதலாளி சும்மா போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஏணியை எடுத்தார். சுரண்டியை எடுத்தார். உதிர்ந்த பூச்சைச் சுரண்டுவதுபோல் நின்றார்.

"முன்பக்கம் எப்படி?" இது மனைவி.

"அகலம் ஜாஸ்தி. பழசு எதுவும் தேறாது, எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிடலாம்."

"அவருக்குத் தெரியாம முடிச்சிடணும்."

மோப்பக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார். சுரண்டி முடிந்தது, பேச்சு முடியவில்லை. அதனால் பூச வேண்டியதாயிற்று. பூச்சு காய்ந்த பிறகும் அவர்கள் மறுபடி பேசினார்கள். அதனால் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மனைவி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, நீங்களா?"

"சும்மாதான். கை அரிச்சுது."

"அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க."

மூலையையும் அடித்தார். அரைகுறையாய் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுமே.

மறுநாள் படகுக்காரர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"நேத்து அந்த ஆளும் அண்ணியும் துறையில நின்னு பேசினாங்க. அவரு பலகையை மிதிச்சுப் பாத்துட்டு, 'இது ஒண்ணு போதும், அடிமாட்டு விலைக்குக் கேக்கலாம்'னாரு."

"அப்படியா சொன்னான்?"

"என் காதால கேட்டேன்."

மோப்பக்காரர் மூளை அப்போதுதான் முழு வேகம் பிடித்தது. பலகை உளுத்திருந்தால் விலை இறங்கும். இறங்கினால் வாங்குவான். பலகை புதுசாக இருந்தால்? விலை ஏறும். ஏறினால் தலைதெறிக்க ஓடிவிடுவான்!

"உன்கிட்ட சுத்தியல் இருக்கா?"

படகுக்காரர் கையிலேயே சுத்தியல் இருந்தது. அதைக்கூட மோப்பக்காரர் சந்தேகப்படவில்லை.

அதன்பிறகு அந்த மனிதரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வாங்க வந்தவன் கிட்டே நெருங்க முடியாத உயரத்துக்கு விலையை ஏற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். துறைப் பலகையை மாற்றினார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். மாடிக் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்தார். அடைத்துக்கிடந்த கூரைத் தண்ணீர்க் குழாயில் கை விட்டு ஒரு பறவைக் கூட்டையே வெளியே எடுத்தார். அந்த ஆள் நாடாவோடு எந்த அறைக்குள் போனாலும் பின்னாலேயே வர்ணச் சட்டியோடு நுழைந்தார். மனைவி வேளாவேளைக்கு டீ கொடுத்தாள். குற்ற உணர்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பலகையை அறைந்துவிட்டுத் துறையிலேயே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். ஏரிப் பக்கமிருந்து வீட்டைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. மாடி, வெள்ளைச் சுவர், மாலை வெயில் விழுந்த கண்ணாடி. நாலு தலைமுறை காத்த வீடு என் காலத்திலா கைமாற வேண்டும் என்று நினைத்தார். அழுகையே வந்துவிட்டது. பலகை மாற்ற வாங்கிய ஆணியில் மீதியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதார்.

சீசன் தொடங்கும் அன்று காலை, அக்கரையிலிருந்து பெரிய பெரிய மூட்டைகள் படகில் வந்து இறங்கின. அந்த ஆள் முன்னால் வந்தார். சாமானோடு குடிவந்துவிட்டான் என்றே மோப்பக்காரர் முடிவுகட்டினார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டை நான் விக்க மாட்டேன். எவ்வளவு குடுத்தாலும் சரி. என் மனைவி கையெழுத்தே போட்டிருந்தாலும் சரி."

அந்த ஆள் மூட்டையைக் கீழே வைத்தார்.

"யாருங்க வாங்குறது? நான் ஜன்னல் திரை தைக்கிறவன். அளவெடுத்து முடிக்கிற வரைக்கும் இங்கயே தங்கிக்கங்கன்னு அக்காதான் சொன்னாங்க. அளவை அனுப்பினேன், எங்க கடையில தச்சு அனுப்பிட்டாங்க, மாட்ட வேண்டியதுதான் பாக்கி."

மூட்டைக்குள் நீல நிறத் திரைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மோப்பக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பழசு எல்லாத்தையும் எறிஞ்சிடலாம்னாரே?"

"பழைய திரையைப் பாத்தீங்களா? தொட்டா கையோட வருது."

"அப்புறம் எனக்குத் தெரியாம முடிக்கணும்னியே, ஏன்?"

"தெரிஞ்சே செய்யுங்கன்னு எத்தனை வருஷம் சொன்னேன்? நாற்காலியை விட்டு எந்திரிச்சீங்களா?"

படகுக்காரர் ஏரியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிமாட்டு விலைன்னியே, நீயுமா?"

"என்ன பண்றது அண்ணே? என் படகுல ஏற வந்தவங்க பாதிப் பேரு அந்தப் பலகையில வழுக்கி ஏரியிலதானே இறங்கினாங்க."

கோபப்படலாம் என்று மோப்பக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் முதல் படகு வந்துவிட்டது. இறங்கியவர்கள் துறையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், "ஆகா" என்றார்கள். எதிர்க்கரை ஓட்டலுக்கு என்று கிளம்பிய ஒரு குடும்பமும் இங்கேயே பெட்டியை இறக்கியது. மத்தியானத்துக்குள், திரைக்காரர் தங்கியிருந்த ஏரியறை தவிர எல்லா அறையும் நிறைந்தது. விடுதி பிழைத்துக்கொண்டது. மோப்பக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"இதோ பாரு. இனிமே நீ யாரோட என்ன குசுகுசுன்னு பேசினாலும் என் காதுல விழாது. சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள் மனைவி, ரொம்பப் பணிவாக.

பிறகு படகுக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முன்கூடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து ஏதோ சொன்னாள். படகுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

மோப்பக்காரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூரையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். இது பழைய தந்திரம், இதில் நான் விழமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், சிமெண்டுச் சட்டியோடு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.