பௌர்ணமிக்கு மறுநாள் வந்த கோச்

செங்கம் ரோட்டில் அந்த வெள்ளைக் கார் திரும்பினால் போதும். லாட்ஜ்காரர், ஜவுளிக்கடைக்காரர், பள்ளிக்கூடத் தாளாளர் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்துவிடுவார்கள். வருவது கலெக்டர் இல்லை. 'அதிர்வு கோச்' சக்கரவர்த்தி. உடம்பில் கோட்டு, கழுத்தில் உருத்திராட்சம், காலில் ஓட்டப்பந்தய ஷூ. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும்படி ஏற்பாடு!

வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். பயிற்சி என்றதும், வேலையை நின்று பார்ப்பார், எங்கே சிக்குகிறது என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. அவ்வளவு மெனக்கெடுவாரா? நூலில் கட்டிய பித்தளைக் குண்டை ஆளின் தலைக்கு மேல் பிடிப்பார். வட்டமடித்தால் பச்சை ஆள். குறுக்கே ஆடினால் சிவப்பு ஆள். சிவப்பு ஆளைப் பார்த்து மூன்று முறை கையை உதறி அதிர்வு ஏற்றுவார். முடிந்தது பயிற்சி.

விமல்ராஜின் லாட்ஜுக்கு மாதம் தவறாமல், பௌர்ணமி கழிந்த மறுநாள் வருவார். பலன் கண்கூடு! பௌர்ணமியன்று நாற்பது புகார். அவர் வந்துபோன பிறகு, வாரம் முழுக்க எட்டோ ஒன்பதோதான். விமல்ராஜ் புகார் நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லாட்ஜுக்கே போய்க் காட்டினார். அடுத்த மாதம் அங்கேயும் குண்டு ஆடியது.

இரண்டாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்யும் ரேணுகாம்பாளுக்கு மட்டும் குண்டு வட்டமடிக்கவே இல்லை. இரண்டு மாதமாகச் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பானால் வேலை போய்விடும். மகள் தென்றல் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இவள் சம்பளத்தை நம்பித்தான் படிப்பு.

அவளும் பாவம், நம்பினாள். விரதம் இருந்தாள். பச்சைப் புடவையாகத் தேடிக் கட்டினாள். "என்கிட்ட இன்னா கோளாறோ தெரியல கீதா. நான் தொட்ட ரூமுலதான் புகாரு ஜாஸ்தி வருது" என்று வரவேற்பு மேசை கீதாஞ்சலியிடம் கண்கலங்கினாள்.

வீட்டுக்காரர் இருசப்பன் கொத்தனார். அவள் குண்டை வர்ணித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது தூக்குக்குண்டுடீ! செவுரு நேரா நிக்குதானு பாக்கறது. மனுசன் தலைக்கா புடிக்கிறான்?"

"சாமி சமாச்சாரம். வாயக் கழுவு!" என்று சீறினாள்.

அந்த மாதப் பௌர்ணமி கழிந்த காலை. மாடியில் அழுக்குப் போர்வைகளை வாரிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு போர்வையிலும் தலைமாடு வெளுப்பு, கால்மாடு கறுப்பு. வெறுங்காலோடு மலையைச் சுற்றிக் கிரிவலம் வந்த ஜனம் அப்படியே கட்டிலில் சாய்ந்தால் போர்வை வேறு எப்படி இருக்கும்? மாதாமாதம் பார்க்கிற கறுப்புதான். அன்றைக்கு என்னவோ அவள் கை நின்றது. பௌர்ணமிக்கு ஜனம் வருது. ஜனத்தோடு அழுக்கு வருது. அழுக்கோடு புகார் வருது. ஜனம் போனால் எல்லாம் போகுது. இதில் கோச் எங்கே வந்தார்? மழை விட்ட பிறகு குடையோடு வந்து 'நான்தான் நிறுத்தினேன்' என்பவரா?

பத்து மணிக்குக் கோச்சின் கூட்டம். குண்டு அவள் தலைக்கு மேல் குறுக்கே ஆடியது.

"மூணாவது சிவப்பு. அடுத்த மாசத்தோட நின்னுக்கம்மா" என்றார் விமல்ராஜ்.

"நின்னுக்கறேங்க. ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் ரேணுகாம்பாள். "அடுத்த வாட்டி அய்யா பௌர்ணமிக்கு முன்னாடி வந்து ஏத்தட்டும். பின்னாடி வரவேணாம். பௌர்ணமியன்னிக்குப் புகாரு கம்மியாச்சுன்னா நானே போயிடறேன்."

கோச் புன்னகைத்தார். "முன்னாடி சந்திர சக்தி முழுமையா இருக்காதும்மா."

"எங்களுக்கு வேலை முழுசா இருக்கறது பௌர்ணமியன்னிக்குத்தானேங்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விமல்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம கோச்சுக்கு இன்னா பயம்? முன்னாடியே வருவாரு!"

வந்தார். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு அத்தனை பேருக்கும் வட்டமடித்தது குண்டு. ரேணுகாம்பாளுக்கும் பச்சை! என்ன பெரிய மனசு!

பௌர்ணமியும் வந்தது. புகார் நாற்பத்து மூன்று. அடுத்த வாரம் யாரும் வந்து கையை உதறவில்லை. புகார் எட்டு.

ஒன்பதாம் நாள் கோச்சைக் கூப்பிட்டு நோட்டை முன்னால் வைத்தார் விமல்ராஜ்.

"அது... நான் தூரத்துலேருந்தே அதிர்வு அனுப்பினேன். அதான் கம்மியாச்சு."

"பௌர்ணமியன்னிக்கு ஏன் சார் அனுப்பல? டவர் கிடைக்கலியா?" என்றாள் கீதாஞ்சலி.

கோச் அவசரமாகக் கிளம்பினார். குண்டு மேசையிலேயே கிடந்தது. இப்போது அது இருசப்பனிடம் இருக்கிறது. பக்கத்து வேங்கிக்காலில் எழும்பும் ஒரு வீட்டுக்குச் சுவர் நேர் பார்க்கிறது. பிறந்ததிலிருந்து அது செய்கிற முதல் உருப்படியான வேலை.

"அப்போ புகார் எதனாலதான் வருது?" என்று தலையில் கைவைத்தார் விமல்ராஜ்.

"நாலு மாசத்துல இப்பதாங்க இத கேக்கறீங்க" என்றாள் ரேணுகாம்பாள். "ஏழு மணிக்கு ரூமைக் குடுக்கறீங்க. சலவைக்குப் போன போர்வை பத்து மணிக்குத்தான் வருது. கீழ எல்லாரும் குளிச்சா எங்க மாடிக்குத் தண்ணி ஏறாது. வாசல்ல கால் கழுவ ஒரு குழாயும், தொடைக்க ஒரு சாக்கும் இல்ல. ஒரு நாள் என் கூட மாடியில நின்னு பாருங்க."

அடுத்த பௌர்ணமிக்கு முதலாளி நின்றார். அரை நாளிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பார்த்தார், கேட்டார், இரண்டு தடவை தன் கையாலேயே போர்வை மாற்றினார். அதற்கடுத்த மாதத்துக்குள் வாசலில் குழாய் வந்தது. போர்வை முதல் நாளே வந்து சேர்ந்தது. அந்தப் பௌர்ணமிக்குப் புகார் பத்தொன்பது. அற்புதம் இல்லைதான். அற்புதம் என்றால் பூஜ்யமாகியிருக்கும். இது வெறும் உண்மை. ரேணுகாம்பாளுக்கு வேலை நிலைத்தது. தென்றல் மூன்றாம் வருஷம் போகிறாள்.

நிலா தானாக வளரும், தானாகத் தேயும். அதற்கு எவனும் கையை உதற வேண்டியதில்லை. ஆகவே என் கண்ணுகளா, இனி எவனாவது அதிசயம் காட்டினால், கும்பிடுவதற்கு முன்னால் காலண்டரை ஒரு தரம் பாருங்கள்.