மணிக்கு நாற்பதாயிரம் லிட்டர்

எவேலியோவின் ரிக்கிம்பிலிக்கு, அதாவது மோட்டார் மாட்டிய சைக்கிளுக்கு, என்ன வயது என்று கேட்டால், எந்த உறுப்புக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். சைக்கிள் அவன் மாமாவுடையது. மோட்டார் கரும்புத் தோட்டத்தில் முப்பது வருஷம் தண்ணீர் இறைத்துவிட்டு ஓய்வுபெற்றது. பெட்ரோல் தொட்டி, எலுமிச்சைப் பானம் வந்த பிளாஸ்டிக் புட்டி. புகைக்குழாய், யாரோ ஒருவருடைய இரும்புக் கட்டிலின் கால். எங்கள் கியூபாவில் ஒரு கல்யாணத்துக்குக்கூட இத்தனை குடும்பங்கள் ஒன்றுசேர்வதில்லை.

அப்படிப்பட்ட வண்டிக்கு வேகம் தேவைப்பட்டதற்குக் காரணம் நெரெய்தா. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி லோமா மோச்சாவில் இருக்கிறாள். கணவன் போய் நான்கு வருஷம். ஞாயிற்றுக்கிழமை அவள் வைக்கும் கறுப்பு அவரைக்கும் சோற்றுக்கும் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவன் முடிதிருத்தும் எவேலியோ. இன்னொருவன் குதிரை வைத்திருக்கும் அமாதோ. நெரெய்தா நியாயஸ்தி. இருவரையும் நிற்கவைத்து விதியைச் சொல்லிவிட்டாள்.

"வீட்ல இருக்கிறது ரெண்டு நாற்காலி. ஒண்ணு எனக்கு. ஞாயித்துக்கிழமை யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்கு இன்னொண்ணு. வருஷக் கடைசியில யார் அதிகம் உக்காந்திருக்காங்களோ, அவங்க அதுலயே உக்காந்துக்கலாம். எந்திரிக்கவே வேணாம்."

அமாதோவின் குதிரை சோம்பேறிதான். ஆனாலும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வாசலில் நின்று கனைத்துவிடும். எவேலியோவுக்கோ கடைசித் தலையை வெட்டி முடிக்கவே பதினொன்று இருபது ஆகிவிடும். மிச்சம் முப்பத்தைந்து நிமிஷம்.

எவேலியோ வண்டியை மேம்படுத்தினான். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பத்துப் பல் குறைந்த ஒன்றை மாட்டினான். சிலிண்டர் வாயை அரத்தால் ராவிக் கொஞ்சம் அகலப்படுத்தினான். கட்டில் காலை ஒரு சாண் வெட்டினான். இனி மேட்டில் இவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சமதளத்தில் வண்டி இவனைத் தூக்கிக்கொண்டு போகும். பத்தடி மிதித்து, மோட்டாரைத் தட்டிவிட்டால் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வேளை தவறி முட்டையிட்டன. நான் கண்ணால் பார்த்தேன்.

முதல் ஞாயிறே நாற்சந்தியில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"நில்லுங்க தோழர். இது என்ன?"

"சைக்கிள்."

"சைக்கிள் ஏன் இப்படிக் கத்துது?"

"வயசாயிடுச்சு தோழர்."

"இந்த மோட்டார்?"

"அது சும்மா கூட வருது."

அன்று நாற்காலியில் அமாதோ உட்கார்ந்தான். எவேலியோ நாற்சந்தியில் உட்கார்ந்தான். பதிவுச் சான்று இல்லாவிட்டால் வண்டி பறிமுதல் என்று சொல்லிவிட்டார் போலீஸ்காரர். மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு இயங்கு சாதனப் பதிவகத்துக்குப் போனான். அங்கே தோழர் உர்பானோ இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசை. சட்டத்தில் இல்லாத ஒரு பொருள் எதிரே வந்து நின்றால் அவருக்கு மூச்சுத் திணறும். அத்தனை நேர்மையான மனிதர்.

"இது சைக்கிள் இல்ல, மோட்டார் இருக்கு. மோட்டார் சைக்கிளும் இல்ல, மிதிகட்டை இருக்கு. ஆக, இது இல்லவே இல்ல" என்றார்.

"இல்லாததைப் பறிமுதல் பண்ண முடியுமா தோழர்?"

உர்பானோ யோசித்தார். கேள்வி அவரைக் காயப்படுத்திவிட்டது. சட்டத்தின் சாதனப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். முகம் மலர்ந்தது.

"மோட்டார் எங்கேர்ந்து வந்துது?"

"தண்ணி இறைக்கிற பம்புலேர்ந்து."

"அதானே! இது பம்பு. பதினேழாவது இனம்: இடம் மாற்றத்தக்க நீரேற்றும் சாதனம். நீங்க அதை இடம் மாத்திக்கிட்டு இருக்கீங்க."

"எவ்வளவு வேகத்துல மாத்தலாம்?"

"வேகத்தைப் பத்திச் சட்டம் மூச்சு விடல. ஆனா திறனை எழுதணும். மணிக்கு எத்தனை லிட்டர்?"

"மணிக்கு நாப்பது கிலோமீட்டர் ஓடும் தோழர். லிட்டரெல்லாம் அதுக்குத் தெரியாது."

"கட்டம் லிட்டர்தான் கேக்குது. கட்டத்தைக் காலியா விட முடியாது." கண்ணை மூடித் திறந்தார். "கிலோமீட்டருக்கு ஆயிரம் லிட்டர் போட்டுக்கலாம். முழு எண்ணா இருந்தா மேலிடத்துல கேள்வி வராது."

இவ்வாறாக, ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாத அந்த வண்டி, மணிக்கு நாற்பதாயிரம் லிட்டர் இறைக்கும் வல்லமை உடையது என முத்திரையிட்டுச் சான்றளிக்கப்பட்டது. மறு ஞாயிறு போலீஸ்காரர் சான்றைப் படித்துவிட்டு வணக்கம் வைத்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எவேலியோ நாற்காலியில் இருந்தான். ஒன்பது ஞாயிறு அப்படியே இருந்தான். அமாதோ வாசற்படியில் குதிரையோடு சோறு தின்றான்.

சேதி பரவ எத்தனை நாள் ஆகும்? ஒரே மாதத்தில் நகராட்சி எல்லைக்குள் இருநூற்றுப் பதினோரு ரிக்கிம்பிலிகள் பம்பாயின. எல்லாரும் அரத்தைத் தேடினார்கள், எல்லார் வீட்டிலும் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. யாருடைய பம்பு அதிகம் இறைக்கிறது என்று ஆற்றங்கரைச் சாலையில் பந்தயம் நடந்தது. பல் மருத்துவர் ஐம்பத்தெட்டாயிரம் லிட்டரில் ஒரு பன்றியின் மேல் மோதினார். உர்பானோ எல்லாவற்றையும் கூட்டி மாகாணத்துக்கு அனுப்பினார்.

மாகாணத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. "நீர்வளத்தில் தங்கள் நகராட்சி தன்னிறைவை எட்டியும் தாண்டியும் விட்டபடியால், இதுகாறும் வழங்கப்பட்டு வந்த வாய்க்கால் நீரும் தண்ணீர் லாரிகளும் தாகமுள்ள சகோதர நகராட்சிகளுக்குத் திருப்பிவிடப்படுகின்றன. தங்கள் தியாக உணர்வு மெச்சத்தக்கது." திங்கட்கிழமை லோமா மோச்சா வரை குழாய்கள் இருமின. செவ்வாய்க்கிழமை அதையும் நிறுத்திவிட்டன.

அந்த ஞாயிறு எவேலியோ பதினொன்று நாற்பத்தெட்டுக்கே போய்ச் சேர்ந்தான். சாதனை. நெரெய்தா காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை லிட்டர் கொண்டாந்தீங்க?"

"நான் எங்க நெரெய்தா..."

"மணிக்கு நாப்பதாயிரம் இறைக்கிறீங்கன்னு நகராட்சிப் பலகையில ஒட்டியிருக்காங்களே. அவரை ஊறப்போட ஒரு சொம்பு இல்லியா?"

பின்னால் குதிரை கனைத்தது. அதன் இரு பக்கமும் இரண்டு குடம். அமாதோவின் கொல்லையில் ஒரு கிணறு. அதைப் பதிவு செய்ய அவனுக்குத் தோன்றவேயில்லை, மடையன். அன்று நாற்காலி அவனுக்குப் போனது.

எவேலியோ நேராக உர்பானோவின் வீட்டுக்கே போய்விட்டான். ஊரும் பின்னாலேயே வந்தது.

"தோழர், உண்மையைச் சொல்லிடறேன். இது பம்பு இல்ல. சைக்கிள்."

"தாராளமா எழுதிக் குடுங்க," என்றார் உர்பானோ. "அப்ப மோட்டாரைக் கழட்டி ஒப்படைக்கணும். எல்லாரும் ஒப்படைச்சா தண்ணி திரும்ப வரும்."

கூட்டத்தில் ஒரு குரல் வெடித்தது. பல் மருத்துவர். "யோவ் எவேலியோ, வாயை மூடுய்யா! மோட்டாரைக் குடுத்துட்டு எப்படிப் போறது?"

"எங்க போறது டாக்டர்?"

"எங்கயா? பக்கத்து ஊருக்குத்தான்! இங்கதான் தண்ணி இல்லியே, எடுத்துட்டு வர வேணாமா?"

உர்பானோ முறைப்படி வாக்கெடுப்பு நடத்தினார். தண்ணீரா, மோட்டாரா? இருநூற்றுப் பதினோரு கைகள் மோட்டாருக்கு உயர்ந்தன. ஒருமனதாக. எவேலியோவின் கையும் அதில் உண்டு. அவன்தான் முதலில் தூக்கினான் என்று சொல்பவர்களும் உண்டு.

அடுத்த ஞாயிறு அவன் கடையைத் திறக்கவில்லை. விடிந்ததும் பக்கத்து ஊர் ஆற்றுக்குப் போய், வண்டியின் இரு பக்கமும் இரண்டு பெரிய கேன் தண்ணீரைக் கட்டினான். அந்தப் பாரத்தில் பல் குறைந்த வண்டி சமதளத்திலேயே முனகியது. மேடு வந்தால் நின்றே போனது. ஏழு மேடும் இறங்கித் தள்ளினான். அரசாங்கப் பதிவு பெற்ற அந்தப் பம்பு தன் வாழ்நாளின் பிற்பகுதியில் முதன்முறையாகத் தண்ணீர் கொண்டுவந்தது, மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில். லோமா மோச்சா வந்தபோது மணி ஒன்றரை.

நெரெய்தா வாசலுக்கே ஓடிவந்தாள். கேனைத் தொட்டுப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"எவேலியோ, உங்களை மாதிரி மனுஷன் உண்டா! சரியான நேரத்துக்கு வந்தீங்க."

"நேரத்துக்கா?"

"ஆமா. இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சாரு. அமாதோ கை கழுவணும்."