நாற்பத்திரண்டாம் முறை நான் இறந்தது குறித்து

சான் அன்டோனியோ,
ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய சார்ஜென்ட் லைல் வெய்ட்னர் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். இல்லையெனில் உன் அப்பன் இந்நேரம் தொலைபேசியில் அழுதிருப்பான். நீ என் தம்பி மகன் என்பதை இக்கடிதம் முடியும்வரை மறந்திருக்க முயல்கிறேன்.

போர்முனை மருத்துவ உதவியாளர் பயிற்சியின் இறுதித் தேர்வில் தோற்ற ஒராலியா பெனவிதெஸ் என்னும் பெண் மேல்முறையீடு செய்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை குழு கூடுமுன், தேர்வன்று காயம்பட்டவராக நடித்த என்னுடைய வாக்குமூலம் தேவையென்றும் எழுதியிருந்தாய். இது அவளுடைய இரண்டாவது தோல்வி என்பதால், முறையீடு தள்ளுபடியானால் லாரிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம். லாரி ஓட்டுவதும் கௌரவமான தொழில்தான்.

என் தகுதி: விலங்கியலில் முதுகலைப் பட்டம், முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தேன், ஓய்வுக்குப்பின் மூன்றாண்டுகளாக உங்கள் முகாமில் செத்துக்கொண்டிருக்கிறேன். "அத்தை, சும்மா படுத்துக் கெடந்தா போதும்" என்று சொல்லித்தான் நீ என்னை அழைத்துப் போனாய். நூறு டிகிரி வெயிலில், சுண்ணாம்புக்கல் தரையில், தொடையில் ரப்பர் காயமும் இடுப்பில் ரத்தம் பீச்சும் குழாயும் கட்டிக்கொண்டு படுத்துப் பார், அதில் எவ்வளவு சும்மா இருக்கிறதென்று தெரியும். ரத்தம் என்று நீங்கள் ஊற்றுவது சோளப்பாகு, சோளப்பாகென்றால் கடியெறும்புக்கு உயிர், எறும்பு கடிக்கும்போதும் நான் நினைவிழந்தவளாகவே இருந்தாக வேண்டும். ஒருவன் அடிபடாத காலில் ரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டையை முறுக்கிவிட்டு எனக்கே நன்றி சொன்னான், இன்னொருவன் பாடக்குறிப்பை என் கையில் கொடுத்து "இத கொஞ்சம் புடிச்சுக்குங்க மேடம்" என்றான், செத்தவள் பிடித்துக்கொண்டேன், மூன்றாமவன் என் மார்பில் காதை வைத்துப் "போயிருச்சு சார்ஜென்ட்" என்று உண்மையாகவே விசும்பினான், அவன் தேறிவிட்டான் என்று கேள்வி. இவ்விதமாக நாற்பத்தோரு முறை இறந்தேன். ஒருமுறைகூடப் புகார் எழுதியதில்லை.

இனி நாற்பத்திரண்டாவது. அன்று நான் சந்தையில் குண்டு வெடித்து அடிபட்ட ஆட்டுக்காரக் கிழவி. எனக்கு விதிக்கப்பட்ட வசனம் ஒன்றே: "என் ஆடு எங்க?" பெனவிதெஸ் குறையில்லாமல்தான் தொடங்கினாள். தொடை ரத்தத்தை நிறுத்தினாள், பட்டை கட்டிய நேரத்தை எழுதினாள், மூச்சுப்பாதையைப் பார்த்தாள். பிறகு மறைந்த காயம் தேடி உடம்பெங்கும் கையோட்டியவள் என் இடது அக்குளுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"மேடம், இது மேக்கப்பா?"

"என் ஆடு எங்கடி?"

"ஆட்ட விடுங்க. கக்கத்துல ஒரு கட்டி இருக்கு. எப்பலேந்து?"

"ரெண்டு கறுப்பு, ஒண்ணு வெள்ள. பாத்தியா?"

"மேடம், நான் ஆட்டுக்காரியக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

வேடத்தை மீற எனக்கு அதிகாரமில்லை. அவளோ எழுந்து நின்று "நிஜம்! நிஜம்!" என்று கத்திவிட்டாள். நடிப்பின் நடுவே யாருக்காவது உண்மையிலேயே ஆபத்து வந்தால் மட்டும் கத்தவேண்டிய சொல் அது. எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"என்னம்மா பெனவிதெஸ், பாம்பு கீம்பு கடிச்சுதா?" என்றார் தேர்வாளர், உன்னைப் போல் இன்னொரு சார்ஜென்ட்.

"இல்ல சார்ஜென்ட். மேடத்துக்குக் கக்கத்துல கட்டி."

"கட்டிக்கா ஊரக் கூட்டுன? ஏன் மேடம், ஒங்களுக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"இருபது வருஷமா கெடக்கற கொழுப்புக்கட்டி" என்றேன். "என் பூனைக்குக்கூட ஒண்ணு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தேர்வாளர் கடிகாரத்தை நிறுத்தவில்லை, என் முதுகில் ஒட்டியிருந்த இரண்டாவது காயத்தை அவள் தொடுவதற்குள் நேரம் முடிந்தது, நான் இறந்தேன், அவள் தோற்றாள். வாகன நிறுத்தத்தில் என்னை மறித்து, "பொய் சொல்றீங்க மேடம். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது, அது வேற விஷயம். ஆனா நீங்க பொய் சொல்றீங்க" என்றாள். பத்தொன்பது வயது. மரியாதை என்பதைப் பாடத்திட்டத்தில் எந்த வாரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஆகவே என் கருத்து இது: குண்டு விழும் இடத்தில் கொழுப்புக்கட்டியை ஆராய்ந்துகொண்டிருப்பவள் போர்முனைக்குத் தகுதியற்றவள். தேர்வாளர் விதிப்படியே நடந்தார். முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், முடிந்தால் வேறெதையாவது.

இங்ஙனம்,
ஹெர்தா வெய்ட்னர், எம்.ஏ.

பி.கு.: மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டு இதை மட்டும் குழுவிடம் கொடு. அந்தக் கட்டிக்கு இருபது வயதில்லை. பிப்ரவரியில் குளிக்கும்போது கண்டுபிடித்தேன். அன்றைக்கு அது பட்டாணி அளவு. என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் யாரிடமும் காட்டவில்லை. தேர்வாளர் கேட்டபோது நான் சொன்னது பொய். அதை நம்பி அவர் முடிவு செய்ததில் அவர் குற்றம் ஏதுமில்லை. நேற்று டாக்டரிடம் போனேன். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஊசியால் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். நீ கார் கொண்டு வா, உன் அப்பன் வேண்டாம். பெனவிதெஸ் மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, மெல்ல வட்டமாக அழுத்தி, கட்டி நகர்கிறதா என்றும் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் நான் சொல்லிக்கொடுத்தும் ஒருத்தருக்கும் சரியாக வராத முறை அது. உங்கள் மதிப்பெண் தாளில் அதற்கொரு கட்டம் இல்லையென்றால், அளவுகோல் வைத்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.